சேசிஸ் ஒன்று, பாடி நூறு

சேலத்தில் ஈரோடு பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தால், மகுடஞ்சாவடி தாண்டியதும் சங்ககிரி மலை கண்ணில் படும். மலைக்கு முன்னாலேயே லாரிகள் வந்துவிடும். டயர் கடை, எடை மேடை, ரீட்ரேடிங் கம்பெனி, ஸ்பிரிங் பட்டறை, ரேடியேட்டர் பட்டறை, தார்ப்பாய் கடை, மறுபடியும் டயர் கடை. 1960களில் இந்தியா சிமெண்ட்ஸ் இங்கே ஆலை போட்டது. பெட்ரோல், டீசலுக்கு இந்தியன் ஆயில் முனையமும் வந்தது. சிமெண்ட் மூட்டைக்கு லாரி, எண்ணெய்க்கு டேங்கர் என்று, மழையை நம்பி மானாவாரி பார்த்த பல வீடுகளில் ஏர் பிடித்த கை ஸ்டியரிங்கைப் பிடித்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்துக்குள், லாரித் தொழிலில் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் பையிலும் ஒரு லாரி இருந்தது. சிவப்புத் தலை, நீலக் கால், பின்னால் வெள்ளி நிறத்தில் டிரெய்லர். திருச்செங்கோட்டில் இருக்கும் அக்கா பையனுக்காக ஆன்லைனில் வாங்கிய ஆப்டிமஸ் பிரைம் பொம்மை. 1984-ல் வந்த வடிவத்தையே திரும்ப அச்சில் வார்த்து விற்கிறார்கள். விலையை அக்காவிடம் பாதியாகக் குறைத்துச் சொல்வதாக முடிவு.

நான் போனது பாடி கட்டும் பட்டறைகளைப் பார்க்க. ஊருக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. வாசலில் அன்று காலைதான் வந்திறங்கிய புது சேசிஸ். எட்டிப் பார்த்தால் முகப்புக் கண்ணாடி உண்டு, ஸ்டியரிங் உண்டு, கதவு கிடையாது, கூரை கிடையாது. டிரைவர் உட்கார்ந்து வந்த இருக்கைக்குப் பின்னால் வெறும் இரும்புச் சட்டம் இரண்டு நீளமாக ஓடுகிறது. இப்படியே நெடுஞ்சாலையில் வெயில் காற்றெல்லாம் வாங்கிக்கொண்டு ஓட்டி வருகிறார்கள். இனிமேல்தான் இதற்கு உடம்பு. வெல்டர் கேபினுக்குச் சட்டம் கட்டுவார். டிங்கர் தகடு தட்டுவார். பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்டர் கையில் கொடுப்பார்கள். பாடியைச் சட்டத்தோடு யூ போல்ட் போட்டு இறுக்கினால் வண்டி. அதே சேசிஸ் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருந்தால் டேங்கராகியிருக்கும்; திருச்செங்கோடு போயிருந்தால் போர்வெல் போடும் ரிக்காகியிருக்கும்.

மேஸ்திரியிடம் பொம்மையை எடுத்துக் காட்டினேன். அறுபதை நெருங்கும் மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். லாரியை நிமிர்த்தி, தலைப்பக்கத்தைப் பிரித்து, பின்பக்கத்தை நீட்டிக் காலாக்கி, உள்ளே மடங்கியிருந்த முகத்தை வெளியே தள்ளினேன். முகப்புக் கண்ணாடி இரண்டும் மார்பாக நின்றன. கைகளின் முட்டியைத் தனியாக எடுத்துச் செருகினேன்.

"ஏனுங்க, கையைத் தனியாவா மாட்டணும்? தொலைஞ்சு போயிருமே?"

தொலைந்துதான் போனது. 1984-ல் இதை வாங்கிய பிள்ளைகள் பலருடைய ஆப்டிமஸ் முட்டியில்லாமல்தான் வளர்ந்தது. மேஸ்திரி பொம்மையைத் திருப்பித் திருப்பிக் கீல்களைப் பார்த்தார். இடுப்பில் ஓடும் ஒற்றைப் பின்னை நகத்தால் தட்டினார். "இந்த எடத்துல தேஞ்சு போவுமுங்க. ஒரு புஷ் போட்டிருக்கலாம்." உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் பக்கம் பக்கமாகப் பேசும் குறையை அவர் முதல் நிமிடத்தில் கண்டுபிடித்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பின் தேயுமா என்பது எனக்குத் தெரியாது. அவர் பார்த்த விதம்தான் பிடித்திருந்தது.

இந்தப் பொம்மையின் கதையை மேஸ்திரி பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். டோக்கியோவின் டகாரா நிறுவனம் 1980-ல் டயாக்லோன் என்று ஒரு பொம்மை வரிசை தொடங்கியது. வண்டியாகவும் ரோபோவாகவும் மாறும். அதற்குள் உட்கார விரல் நுனி அளவில் ஒரு டிரைவர் பொம்மையும் உண்டு. அந்த வரிசையில் 1983-ல் வந்த 'பேட்டில் கான்வாய்' தான் இப்போது என் பையில் இருப்பது. வடிவமைத்தவர் ஹிரோயுகி ஒபாரா. அன்றைக்கு அதற்கு ஆப்டிமஸ் என்ற பெயர் இல்லை, குணம் இல்லை. வெறும் சேசிஸ்.

அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோவுக்கு இதைச் சுட்டிக்காட்டியவராகப் பலரும் சொல்வது ஹென்றி ஒரென்ஸ்டைனை. போலந்தில் பிறந்த யூதர், நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிரோடு மீண்டவர். சீட்டாட்டத்தில் ஆட்டக்காரரின் மறைந்த சீட்டைத் தொலைக்காட்சியில் காட்டும் கேமராவுக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவரே. அப்படிப்பட்ட கண்ணுக்கு இந்த ஜப்பானியப் பொம்மைகளுக்குள் ஒளிந்திருந்த சரக்கு தெரிந்ததில் வியப்பில்லை. ஹாஸ்ப்ரோ டகாராவிடம் உரிமம் வாங்கியது. டயாக்லோனில் இருந்து கார்களும் விமானங்களும் வந்தன. டகாராவின் இன்னொரு வரிசையான மைக்ரோ சேஞ்சில் இருந்து துப்பாக்கியாக மாறும் ரோபோவும் கேசட் பிளேயராக மாறும் ரோபோவும் வந்தன. இரண்டு பட்டறைச் சரக்கை ஒரே கம்பெனிப் பெயரில் ஓட்டுவதற்கு ஒரு கதை தேவைப்பட்டது. மார்வெல் காமிக்ஸ்காரர்களைக் கூப்பிட்டார்கள். ஜிம் ஷூட்டர் கதைக்கு அடித்தளம் போட்டார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயர் டென்னிஸ் ஓ'நீல் கொடுத்தது. மற்ற பெயர்களையும் குணங்களையும் பெரும்பாலும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. துப்பாக்கி மெகாட்ரான் என்ற வில்லனானது. கேசட் பிளேயர் சவுண்ட்வேவ் என்ற உளவாளியானது.

1984 செப்டம்பரில் அந்தக் கதை கார்ட்டூனாக ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் குழந்தை நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த வரையறைகளை விலக்கிக்கொண்டது. முன்பு 1969-ல் ஹாட் வீல்ஸ் கார்களை வைத்துக் கார்ட்டூன் எடுத்தபோது, அரை மணி நேர விளம்பரத்தை நிகழ்ச்சி என்கிறார்களே என்று புகார் போயிற்று. 1984-ல் அந்தப் புகார் எடுபடவில்லை. பொம்மைக்காக டிவி, டிவியைப் பார்த்துப் பொம்மை. தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினோம் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். கடையில் ஏற்கெனவே தயாராக இருந்த சரக்குக்குத்தான் அந்தத் தொடரே எழுதப்பட்டது.

கார்ட்டூனில் ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் என்று மூன்று போர் விமான வில்லன்கள். ஒருவன் சாம்பல், ஒருவன் நீலம், ஒருவன் கறுப்பு. மூவரும் ஒரே அச்சு. பெயிண்ட் மட்டும் வேறு. ஆப்டிமஸின் லாரித் தலையையே வெள்ளை நிறத்தில் வார்த்து, டிரெய்லரைக் கவசமாக மாட்டினால் அல்ட்ரா மேக்னஸ். இந்த விஷயத்தைச் சொன்னபோது பட்டறைப் பெயிண்டர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இது புதிதில்லை. ஒரே மாடல் வண்டி அடுத்தடுத்து வந்தாலும் ஒன்றுக்கு முருகன், ஒன்றுக்கு அங்காளம்மன், ஒன்றுக்கு ஓனர் மகள் பெயர் என்று எழுதி அனுப்புகிறவர். ரோட்டில் போகும்போது அவை வேறு வேறு வண்டிகள்தான்.

சில நேரம் அடுத்தவன் பட்டறைச் சரக்கும் உள்ளே வந்துவிடும். ஜெட்ஃபயர் என்ற விமானப் பொம்மையின் அச்சு டகாராவுடையது இல்லை; மக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமே தொடருக்காக டகாடோகு நிறுவனம் செய்தது. பின்னால் அந்த அச்சு டகாராவின் போட்டியாளரான பண்டாய் பக்கம் போனது. அதனால் கார்ட்டூனில் அவன் முகத்தையும் உடலையும் மாற்றி வரைந்து, பெயரையும் ஸ்கைஃபயர் என்று திருத்தினார்கள். எஞ்சின் நம்பரைத் தேய்த்த வேலை என்று இங்கே யாராவது சிரிப்பார்கள்.

1986-ல் திரைப்படம் வந்தது. முதல் அரை மணி நேரத்துக்குள் ஆப்டிமஸ் செத்துப் போனான். தியேட்டரில் அழுத பிள்ளைகளைப் பெற்றோர்கள் வெளியே தூக்கிக்கொண்டு போன கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. காரணம் கதையில் இல்லை, கிடங்கில் இருந்தது. 84-ன் பொம்மைகள் விற்று முடியும் கட்டம். 86-ன் புது மாலுக்கு அலமாரியில் இடம் வேண்டும். பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் பார்த்து மறு வருஷமே உயிரோடு கொண்டுவந்தார்கள். பதினைந்து வருஷம் ஓடிய டீசல் வண்டியைக் கண்டம் பண்ணச் சொல்லும்போது ஓனர்கள் முகம் எப்படிப் போகும் என்று சங்ககிரியில் பார்த்திருக்கிறேன். பொம்மைக் கம்பெனிக்கு அந்தப் பாசத்தின் அளவு அதுவரை தெரியாது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது ஆப்டிமஸின் மூக்கு. 1984-ன் ஆப்டிமஸுக்கு மூக்கே கிடையாது. தட்டை முகம், எஞ்சினுக்கு மேலே டிரைவர். நம் அசோக் லேலண்ட், டாடா டிரெய்லர்களின் முகம். 2007-ல் மைக்கேல் பே எடுத்த படத்தில் அதே ஆப்டிமஸ் நீண்ட மூக்குள்ள பீட்டர்பில்ட் 379 லாரி. நடுவில் நடந்தது ஒரு சட்டம். அமெரிக்காவில் முன்பு பல மாநிலங்களில் தலையும் டிரெய்லரும் சேர்த்து மொத்த நீளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. மூக்கைக் குறைத்தால் லோடு ஏற்ற அத்தனை அடி கூடுதல். அதனால் தட்டை முகம். 1982-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் பெரிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றது. தலை எவ்வளவு நீண்டாலும் கேள்வியில்லை. டிரைவர்கள் மூக்கு வைத்த வண்டிக்கு மாறினார்கள். தட்டை முகம் மெல்ல மெல்ல அந்த ஊர்ச் சாலைகளில் இருந்து மறைந்தது. ஆக, டோக்கியோவில் ஒருவர் வரைந்த அமெரிக்க லாரி, பொம்மையாகக் கடைக்கு வந்த காலத்திலேயே அங்கே விடைபெறத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அமெரிக்கச் சிறுவன் பழைய ஆப்டிமஸின் சொந்தக்காரர்களை ரோட்டில் தேடினால் கிடைப்பது கஷ்டம். சங்ககிரி பைபாஸில் நின்றால் நிமிஷத்துக்கு ஒன்று போகிறது.

மலையடிவாரத்துக்குப் போனேன். ஆடிப் பதினெட்டு முடிந்து கூட்டம் கரைந்திருந்த நேரம். தீரன் சின்னமலையை 1805-ல் இந்தக் கோட்டையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பெருக்கன்று ஆண்டுதோறும் மாலை போடக் கட்சிக்காரர்களும் ஊர்க்காரர்களும் திரள்வார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போட்ட பொம்மைக் கடைகளில் ஒன்று இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. பலூன், பீப்பி, கண்ணாடி, நடுவில் 'ரோபோ கார்'. பேட்டரி போட்டால் கார் ஓடும், சுவரில் முட்டித் திரும்பும், திடீரென்று எழுந்து நின்று ரோபோவாகி விளக்கு மின்னும், மறுபடி படுத்து ஓடும். கடைக்காரம்மா முந்நூறு சொன்னார், இருநூற்று இருபதுக்கு இறங்கினார். பெட்டியில் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று தேடினேன். கலர் கலராக எழுத்து இருந்தது, தகவல் இல்லை.

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. என் பையில் இருந்த ஆப்டிமஸின் விலை அப்படி ஏறியதற்கு அந்த வரிக்கும் பங்குண்டு. இந்த ஊர்ப் பையன்கள் கையில் கிடைக்கிற பொம்மையோ இந்த இருநூற்று இருபது ரூபாய்க் காராகத்தான் இருக்கும். அதற்குக் கதையும் இல்லை, பெயரும் இல்லை. ஆப்டிமஸ் ஆவதற்கு முன்பு அந்த டயாக்லோன் லாரி எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படி. வாங்கிப் போகிற பையன் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வான்.

நம்மூரில் முறையான பொம்மைக் கம்பெனி இல்லாமல் இல்லை. ஃபன்ஸ்கூல் 1987-ல் எம்.ஆர்.எஃப்-பும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாகத் தொடங்கியது. ஜி.ஐ. ஜோ வீரர்களை இந்தியாவிலேயே வார்த்து விற்றது. ராணிப்பேட்டையில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. டயர் கம்பெனிக்குப் பொம்மையில் என்ன வேலை என்று தோன்றும். எம்.ஆர்.எஃப்-ஐ நிறுவிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் ஆரம்பித்ததே விளையாட்டு பலூன் தயாரிப்புதான். பலூனில் இருந்து ரீட்ரேடிங்குக்கான ரப்பர், அதில் இருந்து டயர், டயரில் இருந்து திரும்பப் பொம்மை. சங்ககிரிச் சாலையில் பல வண்டிகளுக்குக் கீழே சுற்றுவது ஒரு பலூன்காரரின் சரக்கு என்று நினைத்துக்கொண்டே பலூன் தொங்கிய அந்தக் கடையை விட்டு நகர்ந்தேன்.

கோட்டைக்கு ஏறினேன். விஜயநகரக் காலத்தில் தொடங்கி, மைசூர்க்காரர்கள் பலப்படுத்தி, கம்பெனியார் படை வைத்திருந்த இடம். மலைமேல் பெருமாள் கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. கீழே பார்த்தால் நெடுஞ்சாலை முழுக்கப் பொம்மை லாரிகள். வேறு விவரங்கள் சொல்ல எனக்கு மூச்சு இருக்கவில்லை.

திருச்செங்கோட்டில் அக்கா பையன் ஆப்டிமஸை வாங்கிக்கொண்டு, "பவர் ரேஞ்சர்ஸ் இல்லையா மாமா?" என்றான். அவன் அப்பா, என் மாமா, அவனுக்குப் பழக்கிவிட்ட ருசி. 2000களில் டூன் டிஸ்னியில் ஜெட்டிக்ஸ் நேரத்தில் பவர் ரேஞ்சர்ஸைத் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறை அவர், அதில் எஸ்.பி.டி. என்ற பருவத்தின் ரேஞ்சர் பெயர்களை இன்றும் வரிசையாக ஒப்பிப்பார். அந்தத் தமிழ்க் குரலுக்கு அடியில் எத்தனை பாடி மாறியிருக்கிறது என்பதுதான் விசேஷம். 1978-ல் ஜப்பானின் டோயி நிறுவனம் மார்வெலிடம் உரிமம் வாங்கி ஸ்பைடர்மேன் தொடர் எடுத்தது. ஜப்பான் ஸ்பைடர்மேனுக்கு லியோபார்டன் என்று ஒரு ராட்சத ரோபோ உண்டு. பொம்மை நன்றாக விற்றது. அடுத்த வருஷமே டோயியின் ஐவர் படைத் தொடருக்கும் ரோபோ வந்துவிட்டது. 1980-ல் அது பறக்கும் ஊர்தியில் இருந்து ரோபோவாக மாறத் தொடங்கியது. 1981-ல் இரண்டு வண்டிகள் சேர்ந்து ஒன்றாயின. பிறகு வருஷத்துக்கு ஒரு படை, ஒரு ரோபோ, ஒரு பண்டாய் பொம்மை. 1993-ல் ஹைம் சபான் அந்த ஜப்பானியச் சண்டைக் காட்சிகளை அப்படியே வாங்கி, முகமூடி கழற்றும் இடங்களில் மட்டும் அமெரிக்கப் பிள்ளைகளை நடிக்க வைத்து பவர் ரேஞ்சர்ஸ் ஆக்கினார். மாமா ரசித்த எஸ்.பி.டி. ஜப்பானில் டெகாரேஞ்சர். அதற்கு மேல் அமெரிக்க கேபின், அதற்கு மேல் தமிழ் பெயிண்ட். 2018-ல் ஹாஸ்ப்ரோ பவர் ரேஞ்சர்ஸையும் விலைக்கு வாங்கி, ஆப்டிமஸோடு ஒரே ஷெட்டில் நிறுத்தியது.

மறுநாள் மாமா என்னை ஒரு ரிக் பட்டறைக்குக் கூட்டிப் போனார். புது வண்டியைச் சோதித்துப் பார்க்கும் நாள். சக்கரங்களில் நிற்கும்போது அது நீளமான லாரி. கேபினுக்கு மேலே மாஸ்ட் படுத்திருக்கிறது. ஆபரேட்டர் பின்னால் நின்று ஒரு லிவரை இழுத்தார். நாலு மூலையிலும் ஹைட்ராலிக் ஜாக்கிகள் இறங்கித் தரையை மிதித்தன. வண்டி நடுங்கியது. டயர்கள் மண்ணை விட்டுக் கிளம்பின. இன்னொரு லிவர். படுத்திருந்த மாஸ்ட் பின்பக்கம் இருந்த கீலில் சுழன்று, மெதுவாக, எண்ணெய் மினுங்கும் சிலிண்டர் தள்ளத் தள்ள எழுந்து செங்குத்தாக நின்றது. ஒரு நிமிஷம் முன்பு லாரியாக இருந்தது இப்போது முப்பதடிக்கு மேல் நிமிர்ந்து தலை ஆட்டாமல் நின்றது. 2021-ல் ரோபோசென் கம்பெனி, குரல் கொடுத்தால் தானே மாறும் ஆப்டிமஸ் பொம்மையை விற்பனைக்கு விட்டது. உள்ளே 27 சர்வோ மோட்டார்கள், விலை சுமார் 700 டாலர். வீடியோவில் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். அதைவிட இது நேர்மையாகப் பட்டது. இது நிமிர்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர். அக்கா பையன் ஆப்டிமஸைக் கையில் வைத்துக்கொண்டு ரிக்கைப் பார்த்தான். "இது நடக்குமா?" என்று மட்டும் கேட்டான். நடக்காது என்றதும் ஆர்வம் பாதி போய்விட்டது.

திரும்பும்போது சங்ககிரியில் டீக்கடை. எதிரே உட்கார்ந்திருந்தவர் டிரெய்லர் டிரைவர், விசாகப்பட்டினத்தில் இருந்து இரும்பு ஏற்றி வந்து கோவையில் இறக்கிவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சு பொம்மைக்கு வந்தது. போனில் 84-ன் கார்ட்டூனைப் போட்டுக் காட்டினேன். ஆப்டிமஸ் டிரெய்லரோடு பாய்ந்து வருகிறான், தாவி எழுகிறான், ரோபோவாகி நிற்கிறான். டிரெய்லர் திரையில் இருந்தே காணாமல் போகிறது. எங்கே போயிற்று என்று கார்ட்டூன் சொல்வதேயில்லை. ரசிகர்கள் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது.

டிரைவர் இரண்டு முறை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"தலை சண்டைக்குப் போயிருச்சு, சரிங்க. டிரெய்லரை எந்த எடத்துல கழட்டி உட்டான்?"

"அதைக் காட்ட மாட்டாங்கண்ணா."

"லோடு இருக்குதுங்களா உள்ள?"

"இருக்கலாம்."

"அப்ப இ-வே பில் தேதி முடிஞ்சுதுன்னா ஃபைனை ஓனர் கட்டறதா, இவன் கட்டறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கிளீனரைப் பார்த்து, "வண்டியத் தண்ணி அடிச்சுட்டு வாடா, கெளம்பலாம்" என்றார்.